ஆளை நிறுத்தாதீர்கள், கூட ஓர் ஆளை அனுப்புங்கள்

கர்த்தருக்குள் அன்பான அருட்பணிக் குழுவின் தலைவர் ஐயா, செயலாளர் அண்ணன், பொருளாளர் அம்மா, மற்ற உறுப்பினர்கள் எல்லோருக்கும் காரைக்குடியிலிருந்து வாழ்த்துகள்.

நீங்கள் அனுப்பிய சுற்றறிக்கை வாட்ஸ்அப்பில் வந்து சேர்ந்தது. நாள்பட்ட நோய் உள்ளவர்களை வெளிநாட்டு வாலிபர் ஊழியர் பயிற்சிக்கு ஆசிரியராக இனி அனுப்புவதில்லை என்று முடிவு செய்திருக்கிறீர்கள். அப்படிப்பட்டவர்கள் இங்கிருந்தபடியே ஜெபத்தால் தாங்கலாம் என்று கடைசியில் ஒரு வரியும் இருந்தது. யார் பெயரையும் போடவில்லை. ஆனால் அது வந்த சூட்டிலேயே ஆளாளுக்கு எனக்கு போன் போட்டு, "டீச்சர், பார்த்தீங்களா?" என்று கேட்டுவிட்டார்கள். யாரை மனதில் வைத்து எழுதியது என்பதில் ஊருக்குச் சந்தேகமே இல்லை.

இதை ஒரு கவரில் போட்டுச் செயலாளர் அண்ணன் கையில் கொடுத்திருக்கலாம். பொதுவில் எழுதக் காரணம், இது என்னோடு முடிகிற விஷயமில்லை. நம் ஆசிரியர் பட்டியலில் சர்க்கரைக்காரர்கள் இருக்கிறார்கள், பிரஷர்காரர்கள் இருக்கிறார்கள், ஸ்டென்ட் வைத்தவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் வாயைத் திறக்க மாட்டார்கள். என் விரல்களைப் பார்த்தாலே தெரிந்துவிடுவதால் எனக்கு மறைக்கிற வசதி இல்லை. அதனால் நானே பேசிவிடுகிறேன்.

முதலில் உங்கள் பக்கத்து நியாயம். போன வருஷம் நம் ஆள் ஒருவருக்குப் பயிற்சியின் நடுவில் வெளிநாட்டில் நெஞ்சுவலி வந்தது. ஆஸ்பத்திரியில் முன்பணம் கேட்டார்கள். நீங்கள் ராத்திரியோடு ராத்திரியாக அலைந்து பணம் புரட்டினீர்கள். அவர் வீட்டம்மாவுக்கு யார் தகவல் சொல்வது என்பதே பெரிய குழப்பமாகப் போனது. பயிற்சி பாதியில் நின்று, வந்திருந்த பிள்ளைகள் பையைக் கட்டிக்கொண்டு ஊர் திரும்பினார்கள். அந்தப் பயம் உங்களுக்கு இன்னும் போகவில்லை. போயிருக்கவும் கூடாது. ஆனால் பயிற்சி ஏன் நின்றது? அந்தப் பாடத்தை நடத்த அவரை விட்டால் அங்கே வேறு நாதியில்லை. குழப்பம் ஏன் வந்தது? அவர் பல வருஷமாக இதயத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர் என்பது கூடப் போன யாருக்கும் தெரியாது. இந்த இரண்டையும் உங்கள் சுற்றறிக்கை தொடவே இல்லை. நோயாளியை மட்டும் வாசலில் நிறுத்திவிட்டது.

எனக்கு இருப்பது முடக்குவாதம். ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் என்று டாக்டர் சீட்டில் இருக்கும். வயதானால் வரும் முழங்கால் தேய்மானம் வேறு, இது வேறு. உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச்சக்தியே மூட்டுகளைத் தாக்குகிறது. பெரும்பாலும் விரல், மணிக்கட்டு, பாதம் என்று சின்ன மூட்டுகளில்தான் தொடங்கும், அதுவும் இரண்டு பக்கமும் சேர்ந்தாற்போல. ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம் வருகிறது. காலையில் எழுந்தால் விரல்கள் மடங்காது. இளகுவதற்கு ஒரு மணி நேரம், சில நாள் இரண்டு மணி நேரம் ஆகும். அதுவரை புடவையில் ஊக்கு குத்துவது, பேஸ்ட் மூடியைத் திருகுவது எல்லாமே தனித்தனி வேலை. பதினோரு மணிக்கு மேல் பார்க்கிறவர்கள் "நல்லாத்தானே இருக்கீங்க" என்பார்கள். குழுவிலும் சிலர் சொல்லியிருக்கிறீர்கள், வருத்தமில்லை.

மருந்து மெத்தோட்ரெக்ஸேட், வாரத்துக்கு ஒரே ஒரு நாள். வாரம் ஒருமுறை என்பதை மதுரை டாக்டர் சிவப்பு மையில் வட்டம் போட்டுக் கொடுத்தார். மறதியில் தினமும் போட்டுவிட்டால் உயிருக்கே ஆபத்து. வேறொரு நாள் போலிக் ஆசிட். அப்புறம் ரத்த அணுக்களும் ஈரலும் சரியாக இருக்கின்றனவா என்று அவ்வப்போது பரிசோதனை. மாத்திரை போட்ட மறுநாள் எனக்குக் குமட்டும், அசதியாக இருக்கும். சனிக்கிழமை இரவு போட்டால் ஞாயிறு ஆராதனையில் உட்கார முடியாது என்பதால் திங்கள் இரவு என்று வைத்துக்கொண்டேன். அதனால் செவ்வாய் என் படுக்கை நாள். பயிற்சி அட்டவணையில் செவ்வாய்க்கிழமையை வேறொருவருக்குக் கொடுங்கள் என்று நான் ஒவ்வொரு தடவையும் கேட்பது இதனால்தான். டீச்சர் பந்தா பண்ணுகிறார் என்று ஒரு பேச்சு காதில் விழுந்தது, அதற்காகத்தான் இவ்வளவு விவரம்.

இனி நான் வகுப்பெடுக்கப் போகிற மலையகத்துக்கு, அதாவது இலங்கையின் தேயிலைத் தோட்ட மலைநாட்டுக்கு, வருகிறேன்.

வாலிபர் ஊழியத்துக்காக இலங்கைக்குப் போவது தமிழ்ச் சபைகளுக்குப் புதிதில்லை. ஒய்.எம்.சி.ஏ. செயலாளராக இருந்த வி.எஸ். அசரியா 1902-ல் யாழ்ப்பாணம் போனார். அங்குள்ள தமிழ் மாணவர்கள் தாங்களே காசு சேர்த்து அருட்பணியாளரை அனுப்புவதைப் பார்த்துவிட்டு வந்தார். மறு வருஷமே, 1903-ல், திருநெல்வேலியில் இந்திய மிஷனரி சங்கம் தொடங்கியது. சொல்லிக்கொடுக்கப் போன இடத்தில் எதையாவது பார்த்துக் கற்றுக்கொண்டு வருவது அப்போதே இருந்த வழக்கம்தான்.

திருச்சியில் ஏறினால் கொழும்பு ஒரு மணி நேரம். காரைக்குடியிலிருந்து புதுக்கோட்டை வழியாக விமான நிலையம் போய்ச் சேர அதைவிட நேரமாகும். கொழும்புக் கோட்டையில் ரயில் பிடித்தால் ஹட்டனுக்கு ஐந்தாறு மணி நேரம். ரயில் மலை ஏற ஏற என் மணிக்கட்டு சேதி சொல்ல ஆரம்பித்துவிடும். ஊர் 1,200 மீட்டருக்கு மேலே இருக்கிறது. நம் ஊர் வெயிலைத் திட்டாத ஆள் கிடையாது. அதை நினைத்து ஏங்குகிற ஒரே காரைக்குடிக்காரி நானாகத்தான் இருப்பேன்.

வகுப்புக்கு வருகிறவர்கள் தோட்டங்களில் வாலிபர் கூடுகையை நடத்துகிற பிள்ளைகள். சம்பளம் வாங்குகிற ஊழியர்கள் இல்லை. ஒருவர் கடையில் நிற்கிறவர், ஒருவர் முன்பள்ளி ஆசிரியை, ஒருவர் கொழும்பில் வேலை பார்த்துவிட்டு அம்மாவுக்கு முடியாமல் ஊர் திரும்பியவர். அவர்களுடைய பூட்டன் பூட்டிகளில் பலர் நம் புதுக்கோட்டை, ராமநாதபுரம், சிவகங்கைச் சீமையிலிருந்து போனவர்கள். அந்த வருகையின் 200 ஆண்டுகளை 2023-ல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தே நினைவுகூர்ந்தார்கள். "டீச்சர், எங்க தாத்தா தேவகோட்டைப் பக்கம்னு சொல்வாங்க, உங்களுக்குத் தெரியுமா?" என்று முதல் நாளே வந்து கேட்பார்கள். கையில் ஓர் ஊர்ப்பெயர் மட்டும் இருக்கும், அதுவும் பாதி தேய்ந்திருக்கும். இது ஆண்டறிக்கையில் 'வெளிநாட்டு ஊழியம்' என்று வருகிறது. அங்கே போய் உட்கார்ந்தால் எனக்கு அப்படித் தோன்றியதே இல்லை.

நான் எடுப்பது பிரசங்கம் பண்ணக் கற்றுக்கொடுக்கிற வகுப்பு இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். ஒரு பிள்ளை தனக்கு நடந்த கொடுமையைச் சொல்ல வந்தால் எப்படிக் காது கொடுப்பது, 'யாரிடமும் சொல்ல மாட்டேன்' என்று ஏன் வாக்குக் கொடுக்கக் கூடாது, பெரியவர் ஒருவர் பிள்ளையோடு மூடிய அறையில் ஏன் தனியாக இருக்கக் கூடாது, எந்த எண்ணுக்கு போன் பண்ணுவது, இவைதான் பாடம். குழந்தைகள் உதவி எண் நமக்கு 1098, அவர்களுக்கு 1929. நிறையப் பேர் ஜெபம் பண்ணி அனுப்பினால் போதும் என்ற எண்ணத்தில்தான் வருகிறார்கள். ஜெபம் பண்ணுங்கள், போனும் பண்ணுங்கள் என்று அவர்கள் மனதில் ஏற்றுவதற்கே ஒரு முழு நாள் வேண்டும்.

அப்படி ஒரு காலை வகுப்பில் எனக்குச் சாக்பீஸ் நிற்கவில்லை. பிடிக்கிறேன், விழுகிறது. பின் வரிசையிலிருந்து அந்த முன்பள்ளிப் பெண் எழுந்து வந்து, "நீங்க சொல்லுங்க டீச்சர், நான் எழுதறேன்" என்று வாங்கிக்கொண்டாள். பிள்ளையோடு பேசும்போது கதவு திறந்திருக்க வேண்டும், இன்னொரு பெரியவர் பார்க்கிற தூரத்தில் இருக்க வேண்டும் என்று சொன்னேன். எழுதிக்கொண்டே வந்தவள் பாதியில் நிறுத்தினாள். "டீச்சர், இது லயத்துல நடக்காது" என்றாள். லயம் என்பது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு. எழுதியதை அழித்துவிட்டுப் படம் போட்டாள். நீளமாக ஒரு கோடு, அதில் வரிசையாகக் காம்பரா என்கிற அறைகள், முன்னால் வாசல், ஓரத்தில் பொதுக் குழாய், மேலே தேயிலை மலைக்குப் போகிற பாதை. ஒரு காம்பராவில் தும்மினால் அடுத்த காம்பராவில் கேட்கும். அங்கே மூடிய அறை என்ற ஆபத்தைவிட, நாலு பேர் காதில் விழாமல் பேச ஓர் இடம் இல்லை என்பதுதான் பிள்ளையின் வாயைக் கட்டுகிறது. பார்வைக்குத் தெரிய வேண்டும், பேச்சு கேட்கக் கூடாது, அப்படி எந்த இடம் இருக்கிறது? வகுப்பு முழுக்க எழுந்து போர்டைச் சுற்றி நின்றுகொண்டது. குழாயடி கூடாது, காலையில் கூட்டம். கோயில் படிக்கட்டு ஆகும். பாதை திரும்புகிற இடத்தில் இருக்கிற கல் ஆகும், அங்கே கொழுந்து பறிக்கிற அம்மாக்கள் கண்ணில் படும். இப்படி அவரவர் தோட்டத்துக்கு அவரவர் படம் போட்டார்கள்.

என் கை சரியாக இருந்திருந்தால் போர்டு முழுக்க நானே எழுதி நிரப்பியிருப்பேன். அதற்காக நோய் வந்தது நல்லதற்கே என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சாக்பீஸ் பிடிக்கிற விரல்களைத்தான் எனக்குப் பிடிக்கும். நோயாளி போனால் பாடம் கெட்டுவிடும் என்று நீங்கள் நினைப்பதால் இதைச் சொன்னேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அங்கே ஐந்தரைக்குக் காலை ஜெபம். என்னால் முடியாது என்று முதல் நாளே காரணத்தோடு சொல்லிவிட்டேன், மாத்திரை டப்பாவையும் காட்டினேன். அன்று மாலை குசினியில் அடுப்பு பக்கம் உட்கார்ந்திருந்தபோது ஒரு பையன் வந்தான். அவனுடைய குழுவில் வலிப்பு நோய் உள்ள ஒரு தம்பி இருக்கிறானாம். விசுவாசம் இருந்தால் மாத்திரையை நிறுத்து என்று யாரோ ஒரு சுவிசேஷகர் சொல்லிவிட்டுப் போக, வீட்டில் நிறுத்திவிட்டார்களாம். "நீங்க மாத்திரை போடறீங்களே டீச்சர், உங்களுக்கு விசுவாசம் இல்லையா?" என்று கேட்டான். குத்தலாகக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டான். வலிப்பு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு அடுத்தடுத்து வந்து உயிரே போகலாம், அந்த அம்மாவைக் கூட்டிக்கொண்டு நாளைக்கே கிளினிக்குக்குப் போ என்று சொன்னேன். விசுவாசத்தைப் பற்றி அப்புறம் வெகுநேரம் பேசினோம். அவன் அந்தக் கேள்வியை வேறு யாரிடமும் அதுவரை கேட்கவில்லை. திடகாத்திரமான ஆளிடம் கேட்டிருப்பான் என்று எனக்குத் தோன்றவில்லை.

சாட்சி விஷயத்துக்கு வருகிறேன், கொஞ்சம் கசப்பாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நம் மாத இதழில் என் படத்தைப் போட்டு 'நோயை வென்ற சகோதரி' என்று எழுதினீர்கள். நான் வெல்லவில்லை. நோய் இருக்கிறது, மாத்திரை இருக்கிறது, இரண்டுக்கும் நடுவில் வேலை நடக்கிறது. ஒரு பக்கம் வென்றவள் என்று மேடையில் ஏற்றுவது, மறு பக்கம் நோயாளி என்று பட்டியலிலிருந்து எடுப்பது, இரண்டையும் ஒரே குழு ஒரே வருஷத்தில் செய்தால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? சுகத்துக்காகத் தலையில் கை வைத்து ஜெபிக்க வருகிறவர்களை நான் தடுத்ததில்லை, ஆமென் என்றுதான் சொல்கிறேன். அடுத்த நாள் காலையில் விரல் மடங்கியதா என்று வந்து சோதித்துப் பார்க்கிறவர்களைத்தான் தாங்க முடிவதில்லை.

வேதத்தைத் திறந்தால் பவுலைச் சுற்றி ஒரே நோயாளிக் கூட்டமாக இருக்கிறது. கலாத்தியரிடம் முதன்முதல் சுவிசேஷம் சொன்னதே சரீர பலவீனத்தோடுதான் என்று அவரே எழுதுகிறார். தீமோத்தேயுவுக்கு வயிறு சரியில்லை, அடிக்கடி பலவீனம், என்ன குடிக்க வேண்டும் என்று கைவைத்தியமே எழுதி அனுப்புகிறார். துரோப்பீமுவை வியாதியோடு மிலேத்துவில் விட்டுவிட்டு வந்ததை மறைக்காமல் சொல்கிறார். எப்பாப்பிரோதீத்து நம் விஷயத்துக்கு ரொம்பப் பக்கத்தில் வருகிற ஆள். பிலிப்பி சபை அனுப்பிய மனுஷன், போன இடத்தில் சாகக் கிடந்தார். பவுல் அவரைத் திருப்பி அனுப்பும்போது, இனி நோயாளிகளை அனுப்பாதீர்கள் என்று ஒரு சுற்றறிக்கை கொடுத்துவிடவில்லை. இப்படிப்பட்டவர்களைக் கனமாக எண்ணுங்கள் என்று எழுதினார்.

நம் மண்ணிலும் ஆள் இருக்கிறார்கள். டோனாவூரில் பிள்ளைகளுக்கு இல்லம் நடத்திய ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1931-ல் கீழே விழுந்தவர், 1951-ல் கண்மூடும் வரை பெரும்பாலும் தம் அறையோடுதான் இருந்தார். அங்கிருந்தே எழுதினார், அங்கிருந்தே அந்த இல்லத்தை நடத்தினார். தேவகோட்டையிலிருந்து எட்டிவிடும் தூரத்தில் இருக்கிறது ஓரியூர். 1693-ல் அங்கே வெட்டுண்ட போர்ச்சுகீசியக் குருவானவர் அருளானந்தர், லிஸ்பனில் சிறுபிள்ளையாக இருந்தபோது பிழைப்பாரோ மாட்டாரோ என்று பயந்த அளவுக்கு நோயில் கிடந்தவர். அவர் கத்தோலிக்கர், நாம் வேறு சபை. இருந்தாலும் உடல்தகுதிச் சான்று விஷயத்தில் அந்தக் காலத்துப் பெரியவர்கள் நம்மைவிடத் தாராளமாகத்தான் இருந்திருக்கிறார்கள்.

சரி, போகக் கூடாத இடமும் உண்டு, அதையும் நானே சொல்கிறேன். உகாண்டா பயிற்சிக்கு என்னைக் கேட்டபோது முடியாது என்றேன். அங்கே போக மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று வேண்டும். கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட் போன்ற அங்கீகரிக்கப்பட்ட இடத்தில்தான் போட முடியும், போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்று செல்லும். ஒருமுறை போட்டால் ஆயுசுக்கும் போதும். ஆனால் அது உயிருள்ள கிருமியைப் பலவீனப்படுத்திச் செய்த தடுப்பூசி. எதிர்ப்புச்சக்தியை அடக்குகிற மருந்து சாப்பிடுகிற எனக்கு அதைப் போட என் டாக்டர் சம்மதிக்கவில்லை. சான்று இல்லாமல் போய்விட்டுத் திரும்பினால் நம் விமான நிலையத்திலேயே ஆறு நாள் வரை தனிமைப்படுத்தி வைக்கச் சட்டம் இருக்கிறது. நோயின்றிப் போய்விட்டு வந்தாலும் அதே சட்டம்தான். இதற்கு மேல் என்ன வாதம்?

கம்பாலா பிள்ளைகளுக்கு ஜூமில் எடுத்தேன். அங்கே நம்மைவிட இரண்டரை மணி நேரம் பின்னால். அவர்களுக்குக் காலை ஒன்பது மணி என்றால் எனக்குப் பதினொன்றரை, விரல்கள் இளகி, இட்லி சாப்பிட்டு, ஆத்தங்குடிக் கல் பதித்த கூடத்தில் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்திருப்பேன். அவர்களுடைய குழந்தைகள் உதவி எண் 116. அதை அவர்களே எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். இங்கிலீஷ் உச்சரிப்பு இரண்டு பக்கமும் கொஞ்சம் தடுமாறியது, அங்கே கரண்ட் போனது, இங்கே நெட் போனது, ஆனாலும் பாடம் முடிந்தது.

உடனே, அப்படியானால் எல்லாவற்றையும் ஜூமில் நடத்திவிடலாமே, டிக்கெட் காசு மிச்சம் என்று பொருளாளர் அம்மா கணக்குப் போடுவார்கள். வேண்டாம் அம்மா. ஜூமில் பாடம் போகும். வலிப்புத் தம்பியைப் பற்றிய கேள்வி ஜூமில் வராது, அது அடுப்படியில்தான் வரும். உகாண்டாவுக்கு நான் போக முடியாததால் ஜூம். ஹட்டனுக்குப் போக முடிகிறது, அப்புறம் எதற்கு?

இப்போது அந்தப் படிவம். வெளிநாட்டுப் பயிற்சிக்குப் போகிறவர்கள் நிரப்புகிற தாளில் 'தங்களுக்கு நாள்பட்ட நோய் உண்டா? ஆம் / இல்லை' என்று ஒரு கேள்வி இருக்கிறது. ஆம் என்று எழுதினால் இனி அனுப்ப மாட்டீர்கள். அப்போது எல்லோரும் என்ன எழுதுவார்கள்? சத்தியத்தைப் போதிக்கப் போகிற ஆட்களைக் கிளம்பும் முன்பே பொய் எழுத வைக்கிற தாள் அது. எழுதிவிட்டு, கூட வருகிறவர் கண்ணில் படக் கூடாதென்று இன்சுலினைப் பெரிய பெட்டியில் போட்டு லக்கேஜில் அனுப்புவார்கள். விமானத்தின் அடியில் குளிரில் உறைந்தால் இன்சுலின் வீண், கைப்பையில்தான் வைத்துக்கொள்ள வேண்டும். டாக்டர் சீட்டை வீட்டிலேயே விட்டுவிடுவார்கள். இன்ஷூரன்ஸ் எடுக்கும்போதும் மறைப்பார்கள். பயண இன்ஷூரன்ஸ் பலவற்றில் ஏற்கனவே உள்ள நோய்க்குப் பணம் கிடையாது, அதுவும் மறைத்தது தெரிந்தால் மற்றதற்கும் கை விரித்துவிட இடமுண்டு. போன வருஷம் நீங்கள் பட்ட பாடு திரும்ப வரக் கூடாது என்று போட்ட விதி, அதே பாட்டுக்குத்தான் பாதை போடுகிறது.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. வகுப்பெடுக்கப் போகிற எவரையும், நோயாளியோ பயில்வானோ, தனியாக அனுப்பாதீர்கள். பாடம் தெரிந்த இன்னோர் ஆளைக் கூட அனுப்புங்கள்.

இது செட்டிநாட்டுக்காரர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இந்தப் பெரிய வீடுகளைக் கட்டிய பணம் பர்மாவிலும் மலாயாவிலும் இலங்கையிலும் இருந்த கடைகளிலிருந்து வந்தது. ஒரு கடையை ஒரே ஆளை நம்பி அவர்கள் நடத்தவில்லை. ஏஜெண்டாகப் போன மேலாள் இருப்பார், அவருக்கு அடுத்தாள் இருப்பார், கணக்கப்பிள்ளை இருப்பார், பெட்டியடியில் ஒரு பையன் இருந்து எல்லாவற்றையும் பார்த்துக் கற்றுக்கொண்டிருப்பான். ஏஜெண்டு மூன்று வருஷக் கணக்குக்குப் போவார், முடிந்ததும் திரும்புவார், கடை இன்னோர் ஆள் கையில் நடந்துகொண்டிருக்கும். மேலாளுக்குக் காய்ச்சல் என்றால் கடையை மூடவில்லை. வட்டிக்கடைக்கு இருந்த முன்யோசனை வாலிபர் ஊழியத்துக்கு இருக்கக் கூடாதா?

அடுத்தாளாக நான் கேட்பது பெட்டி தூக்க ஓர் ஆள் இல்லை. நம் காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல் சபைகளில் விபிஎஸ் (விடுமுறை வேதாகமப் பள்ளி) நடத்திப் பழகிய இருபத்தைந்து வயதுப் பிள்ளைகள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். பாடத்தில் பாதியை அவர்கள் முன்கூட்டியே படித்து நடத்த வேண்டும். செவ்வாய்க்கிழமை முழுக்க அவர்களுடையது. ஐந்தரை மணி ஜெபம் அவர்களுடையது. என் மருந்துப் பட்டியல், டாக்டர் போன் எண், என் வீட்டு எண், இன்ஷூரன்ஸ் தாள், எல்லாவற்றிலும் ஒரு நகல் அவர்கள் பையில் இருக்க வேண்டும். எனக்கு ஒன்று ஆகிவிட்டால் அவர்களில் ஒருவர் என்னோடு ஆஸ்பத்திரியில் இருக்க, உள்ளூர் ஆசிரியர் ஒருவர் மீதிப் பாடத்தை எடுக்க வேண்டும். அதனால் உள்ளூரிலும் ஓர் ஆளை முன்பே தயார் பண்ண வேண்டும். அந்தச் சாக்பீஸ் வாங்கிய பெண் இப்போதே தயார் என்பது என் கருத்து. அவள் நடத்த ஆரம்பித்துவிட்டால் கொஞ்ச காலத்தில் நான் போக வேண்டிய அவசியமே இருக்காது. உங்களுக்கும் டிக்கெட் செலவு இரண்டும் மிச்சம்.

இப்போதைக்கு இரண்டு டிக்கெட் ஆகும், வாஸ்தவம். வழியனுப்பு விழா, பொன்னாடை, ஃப்ளெக்ஸ் போர்டு, பிரியாணி, இவற்றை நிறுத்தினால் எவ்வளவு தேறும் என்று ஒருமுறை கூட்டிப் பாருங்கள். என் படம் போட்ட ஃப்ளெக்ஸ் ஒன்று இன்னும் சபை ஸ்டோர் ரூமில் சுருட்டிக் கிடக்கிறது, தயவு செய்து அதையும் எடுத்துவிடுங்கள்.

படிவத்தை மாற்றுவது சுலபம். ஆம், இல்லை என்பதை எடுத்துவிட்டு, என்ன நோய், என்ன மருந்து, எந்த நேரத்தில் எது முடியாது, இந்தப் பயணம் போகலாமா என்று டாக்டர் என்ன சொல்கிறார் என்று கேளுங்கள். போக வேண்டாம் என்று என் டாக்டர் எழுதிக்கொடுத்தால் நான் போக மாட்டேன், அதற்கு உங்கள் விதி தேவையில்லை. அந்தத் தாளைக் குழுவில் இரண்டு பேர் மட்டும் பார்த்தால் போதும். சென்ற முறை என் ரத்தப் பரிசோதனை முடிவு 'ஜெபக்குறிப்பு' என்ற பெயரில் நாலு வாட்ஸ்அப் குழுவில் சுற்றி, கண்டனூரில் இருக்கிற என் நாத்தனார் எனக்கு முன்பே படித்துவிட்டார்.

இதைப் பேச ஒரு கூட்டம் வையுங்கள். நோய் உள்ள மற்ற ஆசிரியர்களையும் கூப்பிடுங்கள், பெயர் வெளியே போகாது என்று சொன்னால் வருவார்கள் என்று நினைக்கிறேன். வழக்கமாக மாடி அறையில் வைக்கிறீர்கள், அந்தப் படி எனக்கு ஏறாது, கீழே வையுங்கள். காலை பதினோரு மணிக்கு மேல் என்றால் நல்லது. செவ்வாய்க்கிழமை மட்டும் வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் உடன் ஊழியக்காரி,
காரைக்குடி